கம்பம் நட்டால் ஊர் வளர்ந்துவிடுமா?

கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 9:14

நேற்று ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். பேசிய பெரியவர் திரையில் ஒரு வரைபடம் போட்டார். கீழ் அச்சில் ஒரு நாட்டில் தலைக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகிறது என்ற கணக்கு. மேல் அச்சில் அந்த நாட்டின் மனித வளர்ச்சிக் குறியீடு, அதாவது ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்துப் போடும் மதிப்பெண். கோடு சர்ரென்று ஏறி, தலைக்கு ஆண்டுக்கு 4,000 யூனிட் பக்கம் வந்ததும் படுத்துவிடுகிறது. “மின்சாரம் கொடுங்கள், மனிதன் வளர்வான்” என்று முடித்தார். நல்ல கைதட்டல்.

இந்தப் படம் புதிதில்லை. ஆலன் பாஸ்டர்நாக் என்ற அமெரிக்கர் 2000ல் 60 நாடுகளை வைத்துப் போட்டது. நாம் இப்போது சுமார் 1,400 யூனிட்டில் இருக்கிறோம். என் கேள்வி எளிது. வசதியான வீடுகளில் ஏ.சி. இருக்கிறது. அதற்காக ஏ.சி. வாங்கினால் வசதி வந்துவிடும் என்று யாராவது சொல்வோமா?

2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரில் லெய்சாங் என்ற ஊருக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்தது. அதோடு நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்கள். ஆனால் விதி என்ன தெரியுமா? பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கும் நூற்றில் பத்து வீட்டுக்கும் இணைப்பு இருந்தால் அந்தக் கிராமம் மின்வசதி பெற்றதாகக் கணக்கு. மீதி 90 வீடு இருட்டில் இருந்தாலும் கணக்கு நேர்.

சரி, கம்பி போன இடத்திலாவது என்ன நடந்தது? 2005ல் தொடங்கிய ராஜீவ் காந்தி கிராம மின்மயத் திட்டத்தை பர்லிக், பிரியோனாஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அலசினார்கள். 300 பேருக்குச் சற்று மேலே உள்ள குடியிருப்புகளுக்குத் திட்டம் போனது, சற்றுக் கீழே உள்ளவற்றுக்குப் போகவில்லை. இரண்டையும் ஒப்பிட்டால் போதும். இரவில் செயற்கைக்கோள் படத்தில் வெளிச்சம் கூடியிருந்தது. வருமானம், வேலை, பள்ளிச் சேர்க்கை எதிலும் சொல்லும்படி மாற்றம் இல்லை. கென்யாவின் மேற்குப் பகுதியில் 150 ஊர்களில் இதையே பரிசோதனையாகவே செய்தார்கள். குலுக்கல் முறையில் சில ஊர்களுக்கு மானியத்தில் இணைப்பு. ஒன்றரை ஆண்டு கழித்தும் பார்த்தார்கள், இரண்டரை ஆண்டு தாண்டியும் பார்த்தார்கள். இணைப்பு வந்த வீடும் வராத வீடும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தன.

ஆக, பல இடங்களில் மின்சாரம் வளர்ச்சிக்குப் பின்னால் வருகிறது. முன்னால் போவது பள்ளி, நர்ஸ், ரோடு, நிலம். அதற்குப் போக வேண்டிய பணத்தைக் கம்பத்தில் போட்டுவிட்டு வளர்ச்சி என்று பெயர் வைக்கிறோம். மறுப்பவர்கள் வரலாம்.


லேத்துப்பட்டறை | வெள்ளி, இரவு 9:41

தம்பி, 2012ல் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? சென்னை என்றால் இரண்டு மணி நேரம்தான் கட். எங்கள் கோவையில் ஒரு நாளைக்கு பத்து மணி, சில நாள் பதினான்கு மணி. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். லேத்தில் ஜாப் மாட்டி டூல் இறங்கும்போது கரண்ட் போனால் அந்த ஜாப் குப்பை. பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறவன் நான், டீசல் ஜெனரேட்டர் ஓட்டினால் கூலியை விட டீசல் செலவு அதிகம்.

பட்டறையில் ஆறு பேர் இருந்தார்கள், மூன்றாக்கினேன். அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் மகளுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். அந்தப் பெண் எட்டாம் வகுப்பு. ஊரில் மறுபடி சேர்த்தாரா என்று கேட்கவே எனக்கு தைரியம் வரவில்லை. உங்கள் குறியீட்டில் பள்ளி ஆண்டுகள் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அந்தக் கட்டத்தில் இந்தக் கதை வரும்.

கோயமுத்தூர் எப்படி கோயமுத்தூர் ஆனது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். 1930களில் நீலகிரியில் இருந்து பைக்காரா நீர்மின் நிலையத்துக் கரண்ட் இறங்கியது. அதன் பிறகு மில் மேல் மில். ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு போன்றவர்கள் மோட்டார் செய்ய ஆரம்பித்ததும் அந்தக் காலம்தான். மில் வந்ததால் கூலி, கூலி வந்ததால் பள்ளிக்கூடம், காலேஜ். கம்பம் முன்னால், மற்றது பின்னால்.


கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 10:02

அண்ணா, 2012ஐ மறுக்க மாட்டேன். இருந்ததைப் பிடுங்கினால் வலிக்கும். ஆனால் இல்லாத இடத்தில் கொடுத்தால் வளர்ந்துவிடும் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

பைக்காரா உங்களுக்கு சாட்சியா எனக்கு சாட்சியா என்று யோசியுங்கள். கோவையில் முதல் நூற்பாலை 1888லேயே வந்துவிட்டது. ஸ்டேன்ஸ் மில். நீராவியில் ஓடியது. சுற்றிலும் பருத்தி, கையில் பணம் வைத்திருந்த விவசாயக் குடும்பங்கள், ரயில், சந்தை எல்லாம் ஏற்கெனவே இருந்தன. பசியோடு இருந்தவன் இலையில் சோறு விழுந்தது. அதே நீலகிரி மலையில், பைக்காரா பவர் ஹவுஸைச் சுற்றி இருந்த ஆதிவாசி ஊர்கள் ஏன் கோயமுத்தூர் ஆகவில்லை? கரண்ட் பிறந்தது அங்கேதானே.


லேத்துப்பட்டறை | வெள்ளி, இரவு 10:09

அந்த ஊர்களுக்கு அந்தக் கரண்டைக் கொடுக்கவே இல்லையே தம்பி. தலைக்கு மேலே கம்பி போனது, கீழே விளக்கு எரியவில்லை. கொடுத்தும் வளரவில்லை என்றால் பேசலாம்.


கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 10:15

அது நியாயம். அந்த உதாரணத்தைத் திரும்பப் பெறுகிறேன்.


நைட்_டூட்டி_நர்ஸ் | சனி, அதிகாலை 3:20

இப்போது டூட்டியில் இருக்கிறேன், அதனால் துண்டு துண்டாக எழுதுவேன்.

சார் பட்டியலில் நர்ஸ் முதலில், கரண்ட் பிறகு என்று இருக்கிறது. நர்ஸாகவே பதில் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். இரவு ஒரு மணிக்குப் பிரசவம். குழந்தை வந்தது, நஞ்சுக்கொடி வெளியேறுவதற்குள் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப்போய் இரண்டு மாதமாகியிருந்தது, எழுதிப் போட்டும் வரவில்லை. ஆயாம்மா செல்போன் டார்ச்சைப் பிடிக்க, நான் தையல் போட்டேன். ரத்தம் எவ்வளவு போகிறது என்று அந்த வெளிச்சத்தில் நிறம் பார்த்து எப்படிச் சொல்வது? அன்று அந்த அம்மா பிழைத்தார். நான்தான் காலையில் உட்கார்ந்து அழுதேன்.

தடுப்பூசி 2 டிகிரியில் இருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு ஐ.எல்.ஆர். என்ற குளிர்பெட்டி. உள்ளே ஐஸ் சுவர் இருப்பதால் ஒரு நாளில் எட்டு மணி நேரம் கரண்ட் இருந்தாலே குளிர் நிற்கும். அந்த எட்டு மணி வேண்டும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் நீல விளக்குக்குக் கீழே வைப்போம். எடை குறைந்த குழந்தைக்கு வார்மர். இதெல்லாம் கென்யாவில் வீட்டுக்கு வீடு போய் வருமானம் கேட்டால் வராது. அந்த வீட்டுப் பெண் பிரசவத்துக்குப் போகும் கட்டடத்தில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்டால் வரும்.

ஒரு பேஷண்ட். பிறகு வருகிறேன்.


ஆட்டுக்கல் | சனி, காலை 6:50

நர்ஸம்மா சொன்ன பிறகு நான் சொல்வது சின்ன விஷயமாகத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

என் அம்மா ஐந்து மணிக்கு எழுந்து ஆட்டுக்கல்லில் உட்காருவார். வாரத்தில் மூன்று நாள், எட்டுப் பேருக்கு இட்லி மாவு. அரைத்து முடித்தால் அம்மியில் சட்னி. அப்புறம் கிணற்றில் இறைப்பது. இந்த வேலைக்கு உங்கள் எந்தக் கட்டத்தில் இடம்? வருமானத்தில் வராது, படிப்பில் வராது, ஆயுளில் வராது. வீட்டுக்கு கிரைண்டர் வந்த வருஷம்தான் நான் காலையில் டியூஷன் போக ஆரம்பித்தேன். அதுவரை அம்மாவுக்கு மாவு தள்ளிவிடுவது என் வேலை. 2011ல் அரசு மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தபோது எல்லோரும் ஓட்டுக்கு லஞ்சம் என்றார்கள். எழுதியவர்களில் எத்தனை பேர் ஆட்டுக்கல் சுற்றியவர்கள் என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

நானும் கொஞ்சம் படித்தவள்தான், எம்.ஏ. பொருளாதாரம். கணக்குப்பிள்ளை தனக்குச் சாதகமான இரண்டு ஆய்வை மட்டும் எடுத்து வந்திருக்கிறார். டேரின் டிங்கெல்மன் 2011ல் வெளியிட்டது ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நேட்டால் கிராமங்கள். நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு அங்கே வேகமாகக் கம்பி இழுத்தார்கள். மேடு பள்ளமான நிலத்தில் இழுக்கச் செலவு அதிகம், சமமான நிலத்தில் குறைவு. அதனால் எந்த ஊருக்கு முதலில் போனது என்பதை நிலத்தின் சரிவை வைத்துப் பிரித்துப் பார்த்தார். ஐந்து ஆண்டுக்குள் வேலைக்குப் போகும் பெண்களின் விகிதம் 9 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியிருந்தது. ஆண்களிடம் அப்படி உறுதியாகச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. காரணம் விறகுதான். விறகு பொறுக்கும் நேரம் மிச்சமானது, அடுப்பு மாறியது.

பணக்காரன் ஏ.சி. வாங்குகிறான் என்ற வாதம் நிலத்தின் சரிவிடம் செல்லாது சார். சரிவு யார் பணக்காரன் என்று பார்த்துச் சரிவதில்லை.


கணக்குப்பிள்ளை | சனி, காலை 7:32

அந்த ஆய்வை விட்டது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். பர்லிக், பிரியோனாஸ் ஆய்விலேயே இன்னொரு பாதியையும் நான் சொல்லவில்லை. சின்ன ஊர்களில் பலன் இல்லை, பெரிய ஊர்களில் நல்ல பலன் என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் பாருங்கள், அதுவே என் பக்கம். 300 பேர் ஊரில் மாவு மில் வைத்தால் யார் வந்து அரைப்பார்கள்? ஆள், சந்தை, ரோடு இருந்தால் கரண்ட் வேலை செய்கிறது.

இன்னொன்று. உலக அளவில் பல பரிமாண வறுமைக் குறியீடு என்று 2010ல் இருந்து ஒன்று போடுகிறார்கள். அதில் பத்து அளவுகோல், ஒன்று மின்சாரம். பதினெட்டில் ஒரு பங்கு எடை. மின்சாரம் கொடுத்தால் அந்தக் குறியீட்டில் வறுமை தானாகக் குறையும். ஏனென்றால் மின்சாரமே அதற்குள் உட்கார்ந்திருக்கிறது! பிறகு அதையே காட்டி மின்சாரம் வறுமையைக் குறைத்தது என்கிறார்கள். பரீட்சை எழுதியவனே திருத்தி மார்க் போட்டதுபோல.


வாய்க்கால் | சனி, காலை 8:05

இதற்கெல்லாம் ஒரு விவாதமா? ஒரு நாள் ஃபேன் இல்லாமல் படுத்துப் பாருங்கள், தெரியும்.


வடமராட்சியான் | சனி, காலை 11:18

ஒரு நாள் இல்லை அண்ணை, நான் ஐந்து வருடத்துக்கு மேல் படுத்திருக்கிறேன்.

1990ல் சண்டை திரும்பத் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. நான் ஏ.எல்., அதாவது பல்கலைக்கழகம் போவதற்கான பரீட்சை, எடுத்தது 1994ல். மண்ணெண்ணெய் தடைப் பட்டியலில் இருந்தபடியால் விலை கேட்கவே பயம். அப்போது வந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. சின்னப் போத்தல், அடியில் கொஞ்சம் பஞ்சு, சில துளி மண்ணெண்ணெய், ஒரு மெல்லிய திரி. ஒரு புத்தகத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வெளிச்சம் விழும். பாட்டுக் கேட்கவும் செய்தி கேட்கவும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி வானொலிக்குக் கொடுப்போம். தம்பி பெடலைச் சுற்றுவான், களைத்தால் செய்தி பாதியில் நிற்கும்.

அந்த வருடங்களிலும் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து மருத்துவ பீடத்துக்கும் பொறியியல் பீடத்துக்கும் போனார்கள். ஆகவே கணக்குப்பிள்ளை சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. எங்களிடம் கரண்ட் இருக்கவில்லை. ஆனால் படிப்பிக்கிற ஆட்கள் இருந்தார்கள். வட்டுக்கோட்டையில் மிஷன் செமினரி 1823ல் தொடங்கியது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1940களில். பல்ப் வர முன்னமே பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

முழு இலங்கையையும் பாருங்கள். 1940களின் கடைசியில் சில வருடங்களுக்குள் சராசரி ஆயுள் பத்து வருடத்துக்கு மேல் கூடியது. டி.டி.டி. கொசு மருந்து அடித்து மலேரியாவைக் குறைத்தார்கள், கிராமத்து ஆஸ்பத்திரிகள் வந்தன, மானியத்தில் அரிசி கிடைத்தது. அந்தக் காலத்தில் எத்தனை கிராமத்தில் மின்சாரம்? கிட்டத்தட்ட இல்லை.


கணக்குப்பிள்ளை | சனி, காலை 11:40

இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது. கேரளமும் இதே கதை. முழு எழுத்தறிவு என்று அறிவித்தது 1991ல். எல்லா வீட்டுக்கும் மின்சாரம் என்று அறிவித்தது 2017ல். இடையில் 26 ஆண்டு.


நைட்_டூட்டி_நர்ஸ் | சனி, மதியம் 1:10

தூங்கி எழுந்தேன். வடமராட்சி அண்ணாவிடம் ஒரு கேள்வி. ஏ.எல். பரீட்சை போத்தல் விளக்கில் நடந்தது, சரி. ஆபரேஷன் எதில் நடந்தது?


வடமராட்சியான் | சனி, மதியம் 1:34

நேர்மையாகச் சொன்னால், ஜெனரேட்டரில். டீசல் இருந்தால். எங்கள் அம்மம்மாவுக்கு டயபிடீஸ், இன்சுலினை மண்பானைக்குள் ஈரத் துணி சுற்றி வைத்திருந்தோம். அது எவ்வளவு நாளைக்கு வேலை செய்தது என்று இப்போது யோசிக்க மனம் வரவில்லை. படிப்புக்குப் போத்தல் விளக்குப் போதுமாக இருந்தது. வைத்தியத்துக்குப் போதாது. அதோடு ஒன்று, கரண்ட் இல்லாமல் படித்தவர்கள் என்று நாங்கள் பெருமையாகக் கதைக்கிறோம். கண் கெட்டு, பாதியில் விட்டவர்களை யாரும் எண்ணவில்லை.


நைட்_டூட்டி_நர்ஸ் | சனி, மதியம் 1:52

அதைத்தான் சொல்ல வந்தேன். நாற்பத்து சொச்சத்தில் இருந்து அறுபது வயது வரை ஆயுளைக் கொண்டுவர மருந்து தெளிப்பு, சுத்தமான தண்ணீர், அம்மை ஊசி, படித்த தாய் போதும் என்று வைத்துக்கொள்வோம். அறுபதில் இருந்து எழுபத்தைந்துக்குப் போக டயாலிசிஸ் வேண்டும், ரத்த வங்கி வேண்டும், ஐ.சி.யு. வேண்டும், பச்சிளம் குழந்தை வார்டு வேண்டும். இதில் எது கரண்ட் இல்லாமல் ஓடும்? கேரளத்துக்காரர்கள் அந்த 26 ஆண்டும் இருட்டில் இருக்கவில்லை சார். கடைசி ஐந்தாறு சதவீத வீட்டுக்குப் போய்ச் சேரத்தான் 2017 ஆனது. ஆஸ்பத்திரிக்கு எப்போதோ வந்துவிட்டது. நீங்கள் கடைசி வீட்டுத் தேதியை எடுத்துக் கணக்குப் போடுகிறீர்கள்.


தோட்டத்துக்காரன் | சனி, மாலை 4:45

எல்லோரும் விளக்கையும் ஆஸ்பத்திரியையும் பேசுகிறீர்கள். தமிழ்நாட்டில் கரண்ட் என்றால் முதலில் பம்புசெட். இலவச இணைப்பு மட்டும் சுமார் 23 லட்சம். அதைத் தொடாமல் இந்தப் பேச்சு முடியாது.

என் அப்பா கமலை இறைத்தவர். கிணறு அறுபது அடி. விடியற்காலை மாடு பூட்டினால் பத்து மணி வரை இறைத்து அரை ஏக்கர் நனையும். எங்கள் பக்கம் மோட்டார் வந்த பிறகு இரண்டு ஏக்கர் சோளம் ஐந்து ஏக்கர் மஞ்சளும் கரும்பும் ஆனது. யூனிட்டுக்குச் சில பைசா ஏற்றியதற்காக 1970ல் கோவைப் பக்கம் விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது. சில பைசாவுக்கா என்று இப்போது கேட்பார்கள். அந்தக் கரண்ட்தான் எங்களுக்கு மழை. அப்புறம் 1984ல் சிறு விவசாயிக்கு இலவசம், 1990ல் எல்லோருக்கும்.

இப்போது அடுத்த பக்கம். மீட்டர் இல்லை, பில் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் முந்நூறு அடி போர் போட்டால் நான் ஐந்நூறு. அவர் எழுநூறு. என் மகன் போட்டது ஆயிரத்து நூறு அடி, வந்தது புழுதி. கிணறு இப்போது குப்பைக் குழி. அந்த அறுபது அடித் தண்ணீரை நாங்கள் முப்பது வருஷத்தில் உறிஞ்சித் தீர்த்தோம். போன வருஷம் இரண்டு ஏக்கரை சைட் போடுகிறவரிடம் கொடுத்துவிட்டோம்.

ஆகவே எனக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மஞ்சள் விற்ற காசில்தான் மகள் இன்ஜினியரிங் படித்தாள், அதை மறைக்க மாட்டேன். உங்கள் வரைபடத்தில் அவள் படிப்பு ஏறியிருக்கும். கிணறு இறங்கியது எந்த அச்சில் இருக்கிறது?


மட்டுறுத்துனர் | சனி, மாலை 6:00

எந்த ஆட்சியில் எத்தனை கட் என்று வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்கு வேறு இழை இருக்கிறது.


லேத்துப்பட்டறை | சனி, மாலை 6:22

தோட்டத்துக்காரர் ஐயா சொன்னது சரி. அந்தப் போர் மோட்டார்களுக்கு ஷாஃப்ட் கடைந்தவன் நான் என்பதால் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடுதான் படித்தேன். ஆனால் அது கரண்டின் கோளாறு இல்லை, மீட்டர் இல்லாததன் கோளாறு. அதே இலவசத்தால் மின்வாரியக் கடன் ஒரு லட்சம் கோடியைத் தாண்டிப் போய், அதை ஈடுகட்ட எங்களைப் போன்ற சிறு தொழிலிடம் ஃபிக்சட் சார்ஜ் ஏற்றுகிறார்கள்.


சூரியன்_போதும் | சனி, மாலை 7:11

எதற்கு இவ்வளவு கம்பி, கம்பம், கடன்? வீட்டுக்கு ஒரு சோலார் பலகை, இரண்டு எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜ் செய்ய ஒரு முனை. ஏழை வீட்டுக்கு அது போதுமே.


லேத்துப்பட்டறை | சனி, மாலை 7:30

போதும் என்று யார் முடிவு செய்வது? பீகாரில் தர்னாய் என்ற ஊரில் 2014ல் கிரீன்பீஸ் அமைப்பு சோலார் நிலையம் அமைத்துக் கொடுத்தது. நல்ல நோக்கம்தான். திறப்பு விழாவுக்கு நிதிஷ் குமார் வந்தபோது ஊர்க்காரர்கள் அட்டை பிடித்து நின்றார்கள், எங்களுக்கு அசல் கரண்ட் வேண்டும், நகல் கரண்ட் வேண்டாம் என்று. சோலாரில் ஃபிரிட்ஜ் ஓட்டக்கூடாது, டி.வி. ஓட்டக்கூடாது என்று கட்டுப்பாடு. கொஞ்ச நாளில் அரசு லைன் வந்தது, சோலார் நிலையம் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. உங்கள் வீட்டில் இரண்டு பல்பு போதுமா என்று முதலில் சொல்லுங்கள்.


ஆட்டுக்கல் | சனி, இரவு 8:15

டி.வி. என்றதும் ஞாபகம் வந்தது. அதை வீண் என்பார்கள். ஜென்சன், ஆஸ்டர் என்ற இருவர் 2001 முதல் 2003 வரை கேபிள் டி.வி. புதிதாக வந்த கிராமங்களைப் பின்தொடர்ந்தார்கள். தமிழ்நாட்டு ஊர்களும் அதில் உண்டு. கேபிள் வந்த ஊரில், புருஷன் அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் குழந்தைதான் வேண்டும் என்பவர்கள் குறைந்தார்கள். நாங்கள் பார்த்த அழுகை சீரியலுக்கு இவ்வளவு சக்தி இருக்கும் என்று நானே நம்பவில்லை!


பழைய_வயர்மேன் | சனி, இரவு 9:50

வணக்கம். முப்பத்து நான்கு வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கியவன். ஆய்வு எதுவும் தெரியாது. கணக்குப்பிள்ளை சொன்ன பத்து சதவீதக் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது 2004ல் வந்த விதி. 1997 வரை இன்னும் மோசம். வருவாய்க் கிராம எல்லைக்குள் ஒரு மோட்டார் ஓடினாலே அந்தக் கிராமம் மின்வசதி பெற்றது. தமிழ்நாட்டில் அத்தனை கிராமத்துக்கும் கரண்ட் என்று மார்தட்டிய காலத்தில் பல ஊரில் நிலைமை அதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த ஊரில் ஊர்த்தெருவுக்கு லைன் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. காலனிக்கு இல்லை. நடுவே இருந்தது முந்நூறு மீட்டர். ஐந்தாறு கம்பம். கம்பம் இல்லையா என்றால் குடோனில் கிடந்தது. எஸ்டிமேட் போட்டால் அங்கே இடம் இல்லை, இங்கே ஆட்சேபம் என்று திரும்பி வரும். ஆட்சேபம் யாருடையது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், பேப்பரில் பெயர் இருக்காது. ஒன்பது வருஷம் ஆனது அந்த முந்நூறு மீட்டருக்கு.

அதனால் கரண்ட் முதலா வளர்ச்சி முதலா என்று நீங்கள் பேசும்போது எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் ஏற்கெனவே வளர்ந்தவன் வீட்டுக்கு கரண்ட் முதலில் போனது. கணக்குப்பிள்ளை ஜெயித்தார். ஆனால் போகாத வீடு போகாததாலேயே இன்னும் ஒன்பது வருஷம் பின்னால் நின்றது. மற்றவர்களும் ஜெயித்தார்கள்.


கணக்குப்பிள்ளை | சனி, இரவு 10:20

ஐயா, இதைத்தான் என்னால் எண்களில் பிடிக்க முடியவில்லை. கிராமம் என்று ஒரே வரியில் வரும் இடத்தில் இரண்டு தெரு இருக்கிறது.

நான் கொஞ்சம் நகர்ந்து வருகிறேன். இணைப்பு உண்டு, இல்லை என்ற ஒற்றைக் கட்டம் எதையும் சொல்லாது. உலக வங்கிக்காரர்கள் 2015ல் இருந்து இதைப் படிகளாகப் பிரிக்கிறார்கள். நாளுக்கு நாலு மணி நேரம், ஒரு விளக்கு, ஒரு போன் சார்ஜ் என்பது முதல் படி. 23 மணி நேரம், எல்லா இயந்திரமும் ஓடும் என்பது ஐந்தாம் படி. கென்யாவில் கொடுத்தது முழு லைன்தான், ஆனால் அந்த வீடுகள் பயன்படுத்தியது மிகக் குறைவு, கீழ்ப் படிகளில். லேத்து அண்ணன் பேசுவது ஐந்தாம் படியைப் பற்றி. இரண்டையும் மின்சாரம் என்றே சொல்லிச் சண்டை போடுகிறோம்.

ஆனால் பணக் கேள்வியை விட மாட்டேன். மலையில் நாற்பது வீட்டு ஊருக்கு எட்டு கிலோமீட்டர் லைன் இழுக்கும் செலவில் அங்கே ஒரு டீச்சர், ஒரு நர்ஸ், ஜீப் ரோடு கொடுக்கலாம் என்றால் நான் இன்னமும் டீச்சரைத்தான் எடுப்பேன்.


நைட்_டூட்டி_நர்ஸ் | சனி, இரவு 10:41

நர்ஸும் டீச்சரும் கரண்ட் இல்லாத மலையில் எத்தனை நாள் தங்குவார்கள்? என்னைப் போஸ்டிங் போட்டால் நான் போவேன் என்று சொல்ல ஆசைதான். பொய் சொல்ல விருப்பமில்லை.


கணக்குப்பிள்ளை | சனி, இரவு 10:44

இதற்கு பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதவும் மனசு வரவில்லை.

வயர்மேன் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். குடிசைக்கு ஒரு விளக்கு இலவசத் திட்டத்தில் நீங்கள் இணைப்பு கொடுத்திருப்பீர்கள். அந்த வீடுகளில் முதலில் என்ன மாறியது?


பழைய_வயர்மேன் | சனி, இரவு 11:05

நூறு வீட்டுக்கு மேல் கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு 40 வாட் பல்பு. அவ்வளவுதான் விதி. பல்பை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் வீட்டில் எல்லோரும் மேலே பார்ப்பார்கள். அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். எல்லா வீட்டிலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: அண்ணே, ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்குமா?

கொடுக்க விதி இல்லை. நான் அடுத்த தெருவில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவேன். அடுத்த மாதம் அந்தப் பக்கம் போகும்போது பிளக் பாயிண்ட் இருக்கும்.


கணக்குப்பிள்ளை | சனி, இரவு 11:08

அதில் என்ன மாட்டியிருந்தார்கள்?


பழைய_வயர்மேன் | சனி, இரவு 11:16

டேப் ரிக்கார்டர். எல்லா வீட்டிலும். தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டியது நாலு வருஷம் கழித்து, ஒரே ஒரு வீட்டில்.